வோர்ம்ஸ் நகரத்து இரட்டை மணம்: நிபெலுங்கர் பாடலின் பெண்கேட்பு குறித்த நிகழ்வு ஆய்வு

ரைன் நதிக்கரையில் உள்ள வோர்ம்ஸ் நகரத்து அரண்மனையில் ஒரே நாளில் இரண்டு மணங்கள் நடந்தேறி, விருந்துக்கு எல்லோரும் அமர்ந்துவிட்டார்கள். பர்கண்டியரின் அரசன் குந்தர் தன் புது மனைவி ப்ரூன்ஹில்டுடன் அமர்ந்திருக்கிறான். நேரெதிர் இருக்கையில், சற்று முன்னர் கைப்பிடித்த சீக்ஃப்ரீடும் குந்தரின் தங்கை கிரீம்ஹில்டும் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களைப் பார்த்த ப்ரூன்ஹில்டின் கன்னங்களில் கண்ணீர் வழிகிறது. ஏன் அழுகிறாய் என்று கணவன் கேட்கும்போது, உன் தங்கை உன்னுடைய அடியாள் ஒருவனின் பக்கத்தில் மனைவியாக அமர்ந்திருக்கிறாளே, அதற்காகத்தான் அழுகிறேன் என்கிறாள். காரணத்தை வேறொரு சமயம் சொல்கிறேன் என்று குந்தர் தட்டிக் கழிக்கிறான். அந்த வேறொரு சமயம் காப்பியம் முடியும்வரை வரவேயில்லை. இந்த ஆய்வு அந்த மேசையில் தொடங்கி, அங்கே கேட்கப்பட்ட கேள்வி எப்படி உருவானது, அதற்கு விடை மறுக்கப்பட்டதால் என்ன நேர்ந்தது என்பதைப் பின்தொடர்கிறது.

இந்தக் காட்சி இடம்பெறும் நூல் நிபெலுங்கர் பாடல். 1200-ஆம் ஆண்டை ஒட்டி, டான்யூப் கரையில் பசாவ் நகரைச் சுற்றியுள்ள பகுதியில், தன் பெயரைச் சொல்லாத ஒரு கவிஞர் இடைக்கால உயர்ஜெர்மன் மொழியில் இதை இயற்றினார் என்று பெரும்பாலான ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். 39 படலங்களும் 2,300-க்கும் மேற்பட்ட நான்கடிப் பாக்களும் கொண்ட நூல் இது. 16-ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு ஏறக்குறைய மறக்கப்பட்டுக் கிடந்த இதன் கையெழுத்துப் படி ஒன்று 1755-இல் ஹோகனெம்ஸ் கோட்டை நூலகத்தில் மீண்டும் கண்டெடுக்கப்பட்டது. முதன்மையான மூன்று படிகள் இன்று மியூனிக், சாங்க்ட் காலன், கார்ல்ஸ்ரூஹே ஆகிய நகரங்களில் உள்ளன. 2009-இல் யுனெஸ்கோ இவற்றை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. இந்த நூலைப் போர்க் காப்பியமாகவும் பழிவாங்கும் கதையாகவும் படிக்கும் பழக்கம் வலுவாக உள்ளது. என் வாசிப்பில் இது முதன்மையாகப் பெண்கேட்பைப் பற்றிய நூல். யாரை யார் கேட்டார், எந்தப் பெயரில் கேட்டார், யார் சாட்சி, என்ன விலை என்ற கேள்விகளே இதன் கதையை நகர்த்துகின்றன. வாள்கள் பின்னால்தான் உருவப்படுகின்றன.

முதல் பெண்கேட்பு: காணாமலே காதல்

கிரீம்ஹில்ட் அறிமுகமாவதே ஒரு கனவோடுதான். தான் அருமையாக வளர்த்த வல்லூறு ஒன்றை இரண்டு கழுகுகள் கண்ணெதிரே கிழித்துப் போடுவதாக அவள் கனவு காண்கிறாள். தாய் ஊட்டே அதற்கு உரை சொல்கிறாள்: வல்லூறு உனக்கு வாய்க்கப்போகும் உயர்குலத்து ஆடவன், கடவுள் காக்காவிட்டால் அவனை விரைவில் இழப்பாய். அப்படியென்றால் எந்த ஆடவனின் காதலும் வேண்டாம், இன்பம் இறுதியில் துன்பமாகவே கூலி கொடுக்கிறது என்பதைப் பல பெண்களின் வாழ்வில் பார்த்தாகிவிட்டது என்று மகள் பதில் சொல்கிறாள். திருமணத்துக்கு முன்பே அதன் முடிவை அறிந்து மறுக்கும் பெண்ணாக அவளைக் கவிஞர் நம் முன் நிறுத்துவது, பின்னால் அவளைக் கொடியவள் என்று எளிதாகத் தீர்ப்புச் சொல்லிவிடாதபடி வாசகரைத் தடுக்கிறது.

ரைன் நதியின் கீழ்ப்பகுதியில் உள்ள க்ஸாண்டன் நகரத்து இளவரசன் சீக்ஃப்ரீட், கிரீம்ஹில்டின் அழகைப் பற்றிக் கேள்விப்பட்ட அளவிலேயே அவளை மணப்பதென்று முடிவு செய்கிறான். நேரில் பாராத பெண்ணின் மீது புகழ் கேட்டே காதல் கொள்வது அக்காலத்து அரசவைக் காதற்பாடல்களின் மரபு; தொலைவில் உள்ள அரசியைத் தேடிக் கடல் கடந்து சென்று மணமுடித்து வருவது அதைவிடப் பழைய காப்பிய மரபு. இரண்டையும் இந்தக் கவிஞர் ஒரே ஆளின் மேல் ஏற்றிவிடுகிறார். அதனால்தான் சீக்ஃப்ரீட் வோர்ம்ஸுக்கு வந்ததும் பெண் கேட்காமல், உன் நாட்டுக்கும் என் நாட்டுக்கும் நாம் இருவரும் போரிட்டுப் பார்ப்போம் என்று குந்தரைச் சண்டைக்கு அழைக்கிறான். பேச்சு தணிந்து விருந்தினனாகத் தங்கியபின் ஓராண்டு முழுதும் அவளைக் காணாமலே இருக்கிறான். முற்றத்தில் அவன் கல் எறிவதையும் ஈட்டி எறிவதையும் அவள் சாளரத்தின் வழியே பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பது அவனுக்குத் தெரியாது.

அவர்கள் முதன்முதலில் எதிரெதிரே நிற்பது, சாக்சன் போரில் சீக்ஃப்ரீட் வென்று கொடுத்தபின் நடக்கும் பெந்தெகொஸ்தே விழாவில். இருண்ட முகில்களிடையே விடியற்செம்மை வெளிப்படுவதுபோல அவள் வந்தாள் என்கிறார் கவிஞர். எந்த வீரனையும் அதுவரை வாழ்த்தியறியாத அவள் சீக்ஃப்ரீடை வாழ்த்துகிறாள். இருவரும் கைகோத்து நடக்கிறார்கள். அந்த வெண்ணிறக் கை அன்போடு அழுத்தப்பட்டதா என்பது தனக்குத் தெரியாது என்றும், ஆனாலும் அழுத்தப்படாமல் விடப்பட்டிருக்கும் என்று தன்னால் நம்ப முடியவில்லை என்றும் கவிஞர் குறுக்கிட்டுச் சொல்கிறார். நூலில் உள்ள மிக மென்மையான இடம் இதுவே என்பேன்.

அந்த மென்மையைச் சுற்றி என்ன இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். அந்த வாழ்த்து அவளுடைய அண்ணன்மார் ஆலோசித்து வழங்கிய பரிசு. தங்கை வாழ்த்தினால் இந்த மாவீரன் நமக்கு என்றும் நட்பாக இருப்பான் என்று சொல்லி, அதற்கு ஏற்பாடு செய்பவன் குந்தரின் தம்பி கெர்னோட். அவள் மனம் உண்மையாகவே அவன்பால் சென்றிருக்கிறது. அதே மனத்தை அண்ணன்மார் அரசியல் நாணயமாகச் செலவிடுகிறார்கள். காதலும் பேரமும் எதிரெதிரானவை என்று கருதிப் பழகிய வாசகருக்கு இது உறுத்தலாம். காப்பியத்தின் உலகில் இரண்டும் ஒரே நேரத்தில், ஒரே செயலில் நடக்கின்றன. அதில் யாருக்கும் வெட்கமில்லை.

ஐசன்ஸ்டைன்: "நான் இவருடைய ஆள்"

இனி வழக்கின் மையத்துக்கு வருவோம். கடலுக்கு அப்பால், ஐசன்ஸ்டைன் கோட்டையில் ப்ரூன்ஹில்ட் என்ற அரசி இருக்கிறாள். அவளை மணக்க விரும்புகிறவன் ஈட்டி எறிதல், கல் எறிதல், எறிந்த கல்லைத் தொடர்ந்து தாவுதல் ஆகிய மூன்றிலும் அவளை வெல்ல வேண்டும். ஒன்றில் தோற்றாலும் தலை போகும். குந்தர் அவளை விரும்புகிறான். வேண்டாம் என்று முதலில் தடுப்பவன் சீக்ஃப்ரீட். அவளைப் பற்றி அவனுக்கு முன்பே தெரியும், கடல்வழியும் தெரியும். எப்படித் தெரியும் என்பதைக் கவிஞர் சொல்வதில்லை. ஸ்காண்டிநேவிய மரபில் இந்த இருவரும் முன்பே ஒருவருக்கொருவர் வாக்குக் கொடுத்தவர்கள். ஜெர்மன் கவிஞர் அந்தக் கதையை நீக்கிவிட்டாலும் அதன் தழும்பு நூலில் தங்கிவிட்டது.

உதவி செய்வதற்குச் சீக்ஃப்ரீட் கேட்கும் கூலி ஒன்றே: உன் தங்கையை எனக்குக் கொடு. குந்தர் ஒப்புக்கொள்கிறான், இருவரும் ஆணையிடுகிறார்கள். ஒரு மணப்பெண் இன்னொரு மணப்பெண்ணுக்கு விலையாகிறாள். கிரீம்ஹில்ட் இதை அறியாள். அவளுடைய முப்பது பணிப்பெண்கள் ஏழு வாரம் அமர்ந்து, இந்தப் பயணத்துக்கான பட்டாடைகளைத் தைக்கிறார்கள். குந்தர், சீக்ஃப்ரீட், குந்தரின் முதன்மைப் படைத்துணைவன் ஹாகன், ஹாகனின் தம்பி டாங்க்வார்ட் என நால்வர் மட்டும் படகேறுகிறார்கள். கரை நெருங்கும்போது சீக்ஃப்ரீட் மற்ற மூவரிடமும் ஒரு சொல்லில் ஒத்திருக்கக் கேட்கிறான்: குந்தர் என் தலைவர், நான் அவருடைய ஆள் என்று எல்லோரும் சொல்ல வேண்டும். இதை உனக்காகச் செய்வதைவிட உன் தங்கைக்காகவே செய்கிறேன் என்றும் வெளிப்படையாகச் சொல்கிறான்.

இந்த 'ஆள்' என்ற சொல்லைச் சற்று நின்று பார்ப்பது பயன் தரும். மூலத்தில் உள்ள சொல் 'மன்'. அது ஆடவனையும் கணவனையும் ஒரு தலைவனுக்குக் கட்டுப்பட்ட படைத்துணைவனையும் குறிக்கும். தமிழில் 'ஒரு ஆள்' என்பதற்கும் 'அவருடைய ஆள்' என்பதற்கும் உள்ள தொலைவைப் போன்றதே அது. ப்ரூன்ஹில்ட் இதைக் கேட்டுத் தன் மனத்தில் ஒரு படி கீழே இறக்கிக்கொள்கிறாள். பின்னர் அவள் பயன்படுத்தும் சொல் 'ஐகன்'. அதன் பொருள் உடைமை, ஒருவனுக்குச் சொந்தமான அடியாள். தானாக முன்வந்து தலைவனை ஏற்ற உயர்குலத்துத் துணைவனுக்கும், பிறப்பாலேயே உடைமையாகிவிட்டவனுக்கும் இடையே அக்காலச் சமூகத்தில் இருந்த வேறுபாடு மிகப் பெரியது. சீக்ஃப்ரீட் சொன்ன பொய், கேட்டவளின் காதில் அவன் எண்ணியதைவிடப் பெரியதாக விழுந்தது.

சொல் மட்டுமென்றால் மறந்திருக்கலாம். செயலும் சேர்ந்துகொண்டது. கரையில் இறங்கியதும் சீக்ஃப்ரீட் குந்தரின் குதிரையைக் கடிவாளம் பற்றி நடத்தி வந்து, அவன் ஏறி அமரும்வரை பிடித்துக்கொண்டு நிற்கிறான். கோட்டைச் சாளரங்களிலிருந்து பெண்கள் பார்க்கிறார்கள். தலைவனின் குதிரையைப் பிடிப்பது எல்லோர் கண்ணுக்கும் விளங்கும் பணிச் சடங்கு. எழுத்தில் பதியாத உலகில் இதுவே ஆவணம். ப்ரூன்ஹில்ட் முதலில் சீக்ஃப்ரீடையே வரவேற்கிறாள். அவனோ, எனக்கு முன்னால் நிற்கும் இவருக்கே அந்த வாழ்த்து உரியது, இவர் என் தலைவர் என்று விலகிக்கொள்கிறான். ஆக, அவளுக்குக் கிடைத்த சாட்சியம் இரண்டு வகை: கண்ணால் கண்டது, அவன் வாயாலேயே கேட்டது. இதற்குமேல் எந்த நீதிமன்றத்திலும் சாட்சியம் கேட்க மாட்டார்கள்.

போட்டியை விரிக்க வேண்டியதில்லை. அவளுடைய கேடயத்தைத் தூக்க நான்கு பேரும், ஈட்டியைத் தூக்க மூன்று பேரும், கல்லைத் தூக்கப் பன்னிரண்டு பேரும் தேவைப்படுகிறார்கள். அணிபவனை மறைப்பதோடு பன்னிரண்டு ஆடவரின் வலிமையையும் தரும் மாயப் போர்வைக்குள் சீக்ஃப்ரீட் நின்று எறிகிறான். குந்தர் அசைவுகளை மட்டும் காட்டுகிறான். தாவும்போது குந்தரையும் தூக்கிக்கொண்டு தாவுகிறான். ஈட்டியை எறியும் கணத்தில், அவளைக் கொல்ல மனமில்லாமல் முனையைத் திருப்பிப் பிடித்து எறிகிறான் என்ற நுட்பத்தையும் கவிஞர் சேர்க்கிறார். தோற்றவள் சொல் மாறவில்லை. தன் உறவினரையும் வீரரையும் அழைத்து, இனி நீங்கள் குந்தருக்குப் பணிந்தவர்கள் என்று அறிவிக்கிறாள். இந்தப் பெண்கேட்பில் ஈடுபட்டவர்களுள் ஒப்பந்தத்தை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றியவள் அவள் ஒருத்தியே.

இருவேறு சம்மதங்கள்

வோர்ம்ஸுக்குத் திரும்பியதும் சீக்ஃப்ரீட் ஆணையை நினைவூட்டுகிறான். குந்தர் தங்கையை அழைத்து, உன்னை ஒரு வீரனுக்குத் தருவதாக ஆணையிட்டேன், அதை நீ காத்துத் தர வேண்டும் என்று கேட்கிறான். நீங்கள் கெஞ்ச வேண்டியதில்லை, நீங்கள் கொடுப்பவரை மகிழ்ச்சியோடு ஏற்பேன் என்கிறாள். பிறகு வீரர்கள் வட்டமாகச் சூழ்ந்து நிற்க, நடுவில் இருவரையும் நிறுத்தி, இவரைக் கணவராக ஏற்கிறாயா என்று கேட்கிறார்கள். நாணத்தால் சற்றுத் தயங்கினாலும் அவள் மறுக்கவில்லை. அவனும் வாக்குத் தருகிறான். எல்லோர் முன்னிலையிலும் தழுவி முத்தமிடுகிறான். குருவானவர் யாரும் இந்த வட்டத்தில் இல்லை. உறவும் சாட்சியும் சொல்லும் கூடினால் மணம் நிறைவேறிவிடுகிறது. கோயிலில் பூசையும் முடிசூட்டும் அருட்பொழிவும் மறுநாள் காலையில், முதலிரவுக்குப் பிறகே நடக்கின்றன. உண்மையில் அந்த நூற்றாண்டில்தான் திருச்சபை திருமணத்தைத் தன் கட்டுக்குள் கொண்டுவந்துகொண்டிருந்தது: இருவரின் சம்மதமே மணத்தை ஆக்குகிறது என்ற கொள்கை 1159 முதல் 1181 வரை திருத்தந்தையாக இருந்த மூன்றாம் அலெக்சாண்டரின் காலத்தில் உறுதிப்பட்டது, மணத்தை முன்கூட்டியே பொதுவில் அறிவிக்க வேண்டும் என்ற விதியை 1215-இல் நான்காம் லாத்தரன் சங்கம் எல்லாப் பகுதிகளுக்கும் பொதுவாக்கியது. காப்பியத்தின் வட்டச் சடங்கு பழைய உறவுமுறை வழக்கத்தையும் புதிய சம்மதக் கொள்கையையும் ஒருசேரத் தாங்கி நிற்கிறது.

கிரீம்ஹில்டிடம் சம்மதம் கேட்கப்பட்டது. அவள் அறிந்து தந்தாள். ப்ரூன்ஹில்டின் சம்மதம் எத்தகையது? ஏறத்தாழ 1140-இல் போலோஞாவில் கிராசியன் தொகுத்த திருச்சபைச் சட்டநூலில் இதற்கு வியப்பூட்டும் அளவுக்கு நெருங்கிய வழக்கு ஒன்று ஆராயப்படுகிறது. உயர்குல மகன் ஒருவன் மணக்கக் கேட்கிறான் என்று உயர்குலப் பெண் ஒருத்தியிடம் சொல்லப்படுகிறது, அவள் இசைகிறாள், வேறொருவன், அடிமை நிலையில் உள்ளவன், அந்த மகனின் பெயரில் வந்து அவளை மணந்துகொள்கிறான். இது மணமா? ஆள் மாறாட்டமும், அடிமையா சுதந்திரனா என்ற நிலைமை பற்றிய ஏமாற்றும் சம்மதத்தை இல்லாமல் ஆக்கிவிடும். செல்வத்தைப் பற்றியோ குணத்தைப் பற்றியோ ஏமாந்தது அப்படி ஆக்காது என்பது கிராசியனின் முடிவு. நிபெலுங்கர் பாடலின் கவிஞர் இந்த நூலைப் படித்திருந்தார் என்று நான் வாதிடவில்லை. ஆனால் அவர் காலத்துப் படித்தவர்களைத் தொல்லைப்படுத்திய இரண்டு ஏமாற்றுகளும், ஆள் மாறாட்டமும் நிலை மாறாட்டமும், ஒரே கதையில் ஒரே பெண்ணின் மேல் விழுவதைத் தற்செயல் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. என்னை வென்றவனுக்கே நான் என்பது அவளுடைய நிபந்தனை. அவளை வென்றவன் வேறொருவன்.

அந்த இரவு அவள் செய்வதை நகைச்சுவைக் காட்சியாகவே பல தலைமுறை வாசகர் படித்திருக்கிறார்கள். நெருங்கி வந்த குந்தரின் கைகால்களைத் தன் இடைக்கச்சையால் கட்டிச் சுவரில் இருந்த ஆணியில் விடியும்வரை தொங்கவிடுகிறாள். அவள் சொன்ன வார்த்தையைக் கவனித்தால் சிரிப்பு அடங்கிவிடும்: அந்தச் செய்தியின் உண்மையை நான் அறியும்வரை கன்னியாகவே இருப்பேன். மேசையில் கேட்ட கேள்வியைத்தான் படுக்கையறையிலும் கேட்கிறாள். தன் உடல்வலிமை முழுவதையும் அவள் ஒரு விடைக்காகவே செலவிடுகிறாள். விடை சொல்வதற்குப் பதிலாகக் குந்தர் மறுநாள் சீக்ஃப்ரீடிடம் முறையிடுகிறான். அவளைக் கூடுவதைத் தவிர வேறு எதுவும் செய்யலாம், அவள் உயிரே போனாலும் பொறுத்துக்கொள்வேன் என்று சொல்லி அனுமதி தருகிறான். இரண்டாம் இரவில் விளக்குகள் அணைக்கப்பட்டு, மாயப் போர்வைக்குள் சீக்ஃப்ரீட் அவளோடு மல்லுக்கட்டுகிறான். நகக்கண்களில் இரத்தம் பீறிடும் அளவுக்கு அவள் அவன் கைகளை நெரிக்கிறாள். கடைசியில் அடங்குகிறாள். அதன்பிறகு குந்தரோடு கூடியதும் அவளுடைய வலிமை என்றைக்குமாகப் போய்விடுகிறது.

விலகிப் போகும்போது சீக்ஃப்ரீட் அவள் அறியாமல் விரலிலிருந்து பொன் மோதிரத்தையும் கச்சையையும் எடுத்துச் செல்கிறான். அந்தக் கச்சை நினிவே நகரத்துப் பட்டில், உயர்ந்த மணிகள் பதித்து நெய்தது. செருக்கினால் எடுத்தானா, தனக்குத் தெரியாது என்கிறார் கவிஞர். கைகளின் அழுத்தத்தைத் தெரியாது என்று சொன்ன அதே கவிஞர்தான். அங்கே அந்தச் சொல்லில் கனிவு இருந்தது, இங்கே அதே சொல் நடுக்கம் தருகிறது. மணமகள் கழற்றித் தர வேண்டிய கச்சையும், மாற்றிக்கொள்ள வேண்டிய மோதிரமும் மண அடையாளங்கள். அவை தவறான ஆளின் கையில் இருக்கின்றன. பின்னர் அவன் அவற்றைத் தன் மனைவிக்குக் கொடுத்துவிடுகிறான்.

கோயில் வாசலில் கேள்வி

பத்தாண்டுகள் கழிகின்றன. இரண்டு தம்பதியருக்கும் ஒவ்வொரு மகன். ஒருவர் மகனுக்கு மற்றவர் கணவன் பெயர், குந்தர் என்றும் சீக்ஃப்ரீட் என்றும் வைத்திருக்கிறார்கள். வெளியே எல்லாம் அமைதி. ப்ரூன்ஹில்டின் மனத்தில் மட்டும் கேள்வி ஆறவில்லை: அடியாளாக இருந்தும் அவன் ஏன் இத்தனை ஆண்டுகளாகப் பணிக்கு வரவில்லை? அவள் வற்புறுத்தலால் அவர்கள் வோர்ம்ஸுக்கு விருந்துக்கு அழைக்கப்படுகிறார்கள். ஒரு மாலை, வீரர்களின் விளையாட்டைப் பார்த்துக்கொண்டிருக்கையில், இந்த நாடுகள் எல்லாம் கைவசம் இருக்கத் தகுந்த கணவன் எனக்கு வாய்த்திருக்கிறான் என்று கிரீம்ஹில்ட் பெருமிதம் கொள்கிறாள். குந்தர் உயிரோடு இருக்கும்வரை அது நடக்காது என்கிறாள் ப்ரூன்ஹில்ட். சொல் வளர்கிறது. அவன் அரசனின் ஆள் என்று அவனே சொல்ல என் காதால் கேட்டேன் என்பது ஒருத்தியின் வாதம். என் அண்ணன்மார் என்னை ஓர் அடியாளுக்கு மனைவியாகக் கொடுத்திருப்பார்களா என்பது மற்றவளின் வாதம்.

இந்தச் சண்டையைப் பெண்களின் பொறாமை என்று சுருக்கிய உரைகள் எனக்கு வேதனை தருகின்றன. இருவரின் வாதமும் குறையற்றது. இருவரும் தமக்குக் கிடைத்த சாட்சியத்திலிருந்து சரியாகவே முடிவுக்கு வருகிறார்கள். அந்தச் சாட்சியங்கள் ஒன்றோடொன்று மோதுவதற்குக் காரணம், இரண்டு ஆடவர்கள் கடற்கரையில் செய்துகொண்ட ஏற்பாடு. அந்த இருவரும் இப்போது சற்றுத் தள்ளி விளையாட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

கோயில் வாசலில், யார் முதலில் நுழைவது என்ற இடத்தில், கிரீம்ஹில்ட் மற்றவளை ஓர் ஆளின் வைப்பாட்டி என்று ஊரறிய அழைக்கிறாள். உன் கன்னிமையை எடுத்தவன் என் கணவன் என்கிறாள். பூசை முடிந்து வெளியே வந்ததும் மோதிரத்தையும் கச்சையையும் காட்டுகிறாள். அவள் சொன்னது உண்மையில்லை. ஆனால் அவள் கையில் இருந்த சான்று உண்மையானது. குந்தர் விசாரணை வைக்கிறான். குற்றச்சாட்டு எப்படி அமைக்கப்படுகிறது என்பதுதான் இங்கே முக்கியம்: சீக்ஃப்ரீட் அப்படிப் பெருமையடித்தானா என்று கேட்கிறார்களே தவிர, அந்த இரவில் அந்த அறையில் இருந்தானா என்று யாரும் கேட்பதில்லை. ஆணையிடச் சீக்ஃப்ரீட் கையை நீட்டியதும், உன் குற்றமின்மை எனக்குத் தெரியும் என்று குந்தர் அவனை விடுவித்துவிடுகிறான். ஆணை முழுமையாகச் சொல்லப்பட்டதா என்பது இன்றளவும் ஆய்வாளர்கள் வாதிடும் செய்தி. முழு ஆணை குந்தரையே காட்டிக்கொடுத்திருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை. பெண்டிர் செருக்காகப் பேசாதபடி கணவன்மார் பழக்க வேண்டும் என்று சீக்ஃப்ரீட் அங்கே சொல்கிறான். இந்தப் பேச்சுக்காக அவன் தன்னை உடல் நோக அடித்தான் என்று கிரீம்ஹில்டே பின்னர் ஹாகனிடம் சொல்கிறாள். பெந்தெகொஸ்தே நாளில் கோத்த கைகளின் கதை இந்த இடத்துக்கு வந்து நிற்கிறது. அதே உரையாடலில்தான் கணவனைக் காப்பதாக நம்பி, அவன் உடலில் காயம்படக்கூடிய ஒரே இடத்தை அவள் ஹாகனுக்குச் சொல்லிவிடுகிறாள். சில நாட்களில், காட்டில் ஊற்றுநீர் குடிக்கக் குனிந்த சீக்ஃப்ரீடை, ப்ரூன்ஹில்டின் அவமானத்துக்குப் பழிவாங்க உறுதிகொண்டிருந்த ஹாகன் முதுகில் ஈட்டியால் குத்திக் கொல்கிறான்.

காலைக்கொடையும் இரண்டாம் மணமும்

கணவன் இறந்தபின் கிரீம்ஹில்டுக்கு எஞ்சுவது, அவன் முன்பு வென்றெடுத்த நிபெலுங்கரின் புதையல். பன்னிரண்டு வண்டிகள் நான்கு நாட்கள் இரவும் பகலுமாக, நாளுக்கு மூன்று நடை சென்று ஏற்றி வந்த பொன் அது. பொதுவாக இதை மாயப் புதையல் என்றே நினைவில் வைத்திருக்கிறோம். கவிஞர் அதற்குத் தரும் சட்டப் பெயர் 'மோர்கன்காபே', அதாவது காலைக்கொடை. இதைச் சீதனம் என்று மொழிபெயர்த்தால் பொருள் தலைகீழாகிவிடும். இது பெண் வீட்டார் கொடுப்பதன்று; முதலிரவுக்கு மறுநாள் காலையில் கணவன் மனைவிக்குத் தருவது, அவன் இறந்தால் அவள் வாழ்வுக்கு ஆதாரமாக அவளுக்கே உரியது. அந்தப் பொன்னை அவள் வாரி வழங்கி வீரர்களைத் தன் பக்கம் சேர்க்கத் தொடங்கியதும், ஹாகன் அதைப் பறித்து ரைன் நதியில் மூழ்கடிக்கிறான்; அண்ணன்மார் அதைத் தடுக்கவில்லை. ஒரு கைம்பெண்ணின் மண உரிமையைப் பறித்த செயல் இது. இறுதிப் படலத்தில் அவள் ஹாகனிடம், என்னிடமிருந்து எடுத்ததைத் திருப்பித் தா என்று கேட்பதைப் பேராசை என்று படிப்பவர்கள், காலைக்கொடை என்ற சொல்லைத் தவறவிட்டவர்கள்.

பதின்மூன்று ஆண்டுகள் அவள் கைம்பெண்ணாக இருக்கிறாள். மனைவி ஹெல்ஹேயை இழந்த ஹூணர்களின் அரசன் எட்சல் பெண்கேட்கத் தூது அனுப்புகிறான். வரலாற்றில் அட்டிலா 453-இல் இல்டிகோ என்ற பெண்ணை மணந்த இரவிலேயே இறந்தவன். இந்தக் காப்பியத்தின் ஆழத்தில் ஒரு மணவறை மரணத்தின் நினைவு கிடக்கிறது. தூதுவன் பெஹலாரன் நகரத்து ரூடிகர். அரசன் தரும் பொருளை மறுத்து, உங்கள் கையால் பெற்ற சொந்தச் செல்வத்திலேயே போய் வருகிறேன் என்று ஐந்நூறு வீரர்களோடு புறப்படும் நேர்மையாளன். கிரீம்ஹில்ட் அழுகிறாள், மறுக்கிறாள், புறச்சமயத்தவனை எப்படி மணப்பது என்கிறாள். உங்களுக்கு யார் தீங்கு செய்தாலும் அதைத் தீர்ப்பதில் முதல் ஆளாக நிற்பேன் என்று ரூடிகர் தனிமையில் ஆணையிட்டுத் தந்தபின்பே இசைகிறாள். ரூடிகர் இதை வருங்காலத் தீங்குக்கான உறுதியாக நினைத்தான். அவளோ நடந்து முடிந்த தீங்கை நினைத்துக்கொண்டாள். மறுபடியும் ஒரு சம்மதம், இரண்டு பேர் இரண்டு பொருளில் புரிந்துகொண்ட ஒரு சொல்லின் மேல் கட்டப்படுகிறது. மணவிழா வியன்னாவில், மீண்டும் ஒரு பெந்தெகொஸ்தே காலத்தில், பதினேழு நாட்கள் நடக்கிறது. அந்த ஆரவாரத்தின் நடுவே, ரைன் கரையில் முதல் கணவனோடு இருந்த நாட்களை நினைத்து அவள் கண் கலங்குகிறது. யாரும் பார்த்துவிடாதபடி மறைத்துக்கொள்கிறாள்.

பெஹலாரனில் ஒரு நிச்சயம்

இதே காலகட்டத்துக் காப்பியங்கள் எல்லாம் மணத்தை இப்படி இருளாகவே காட்டின என்று யாரும் முடிவு செய்துவிட வேண்டாம். 13-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் எழுந்த கூட்ரூன் காப்பியத்தில், கடத்திச் செல்லப்பட்டுக் கடற்கரையில் துணி துவைக்க வைக்கப்பட்ட நாயகி, மீட்கப்பட்டபின் பழிக்குப் பழி வாங்காமல், பகைவர் குடும்பத்தையும் சேர்த்து நான்கு மணங்களை முடித்துவைத்துச் சமாதானம் செய்கிறாள். நிபெலுங்கர் பாடலுக்குள்ளேயே ஒளி உள்ள ஒரு நிச்சயம் இருக்கிறது. அதனால்தான் அது அதிகம் வலிக்கிறது.

பழிதீர்க்க எண்ணிய கிரீம்ஹில்டின் தூண்டுதலால் வந்த எட்சலின் அழைப்பை ஏற்று, திரும்பி வராத பயணத்தில் போகும் பர்கண்டியர்கள் வழியில் ரூடிகரின் வீட்டில் தங்குகிறார்கள். விருந்தில் இசைவீரன் ஃபோல்கர் ரூடிகரின் மகளைப் புகழ்கிறான். பர்கண்டிய அரச சகோதரர்களில் இளையவனான கீசல்ஹெருக்கு அவளைக் கேட்கலாம் என்று பேச்சு எழுகிறது. அதை வழிமொழிகிறவன், அழிவு வரும் என்று முன்பே அறிந்த ஹாகன். நான் நாட்டை விட்டு வந்த அயலான், கொடுக்க நிலம் இல்லை என்று ரூடிகர் மறைக்காமல் சொல்கிறான். நூறு பொதிக்குதிரைகள் சுமக்கும் அளவு வெள்ளியும் பொன்னும் தருவதாக வாக்களிக்கிறான். மாப்பிள்ளை வீட்டார் கோட்டைகளையும் நிலத்தையும் எழுதித் தருகிறார்கள். பிறகு அதே வட்டம்: இளைஞர்கள் சூழ்ந்து நிற்க, இருவரையும் நடுவில் நிறுத்தி, சம்மதமா என்று கேட்கிறார்கள். அவள் வெட்கத்தால் தடுமாற, சொல் மகளே என்று தந்தை ஊக்குவிக்க, கீசல்ஹெர் தன் வெண்மையான கைகளால் அவளை அணைத்துக்கொள்கிறான். இந்த நூலின் பெண்கேட்புகளில், நிலையை மறைக்காமல், மாயப் போர்வை இல்லாமல், எல்லோரும் தாம் யாரோ அவராகவே நின்று செய்த ஒன்று இதுதான். திரும்பி வரும்போது அழைத்துச் செல்வதாக ஏற்பாடு.

விடைபெறும்போது ரூடிகர் சம்பந்தியாகிவிட்ட கெர்னோட்டுக்கு ஒரு வாளைப் பரிசளிக்கிறான். எட்சலின் அரண்மனையில் போர் மூண்டதும், கிரீம்ஹில்ட் தனிமையில் பெற்ற ஆணையை நினைவூட்டுகிறாள். ஒரு பக்கம் அவளுக்குச் செய்த ஆணையும் அரசனுக்கான கடமையும். மறுபக்கம் தானே வழிகாட்டி அழைத்து வந்த விருந்தினரும் மகளை மணக்கவிருக்கும் பிள்ளையும். ரூடிகர் தன் கோட்டைகளையும் நிலங்களையும் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள், கால்நடையாகவே நாட்டைவிட்டுப் போகிறேன் என்று மன்றாடுகிறான். விடுதலை கிடைக்கவில்லை. கீசல்ஹெரும் அவனும் ஒருவரையொருவர் தவிர்த்தபடி போரிடுகிறார்கள். தான் பரிசளித்த வாளால், கெர்னோட்டின் கையால் ரூடிகர் வீழ்கிறான். அவன் வெட்டில் கெர்னோட்டும் விழுகிறான். சற்று நேரத்தில் கீசல்ஹெரும் இறந்துவிடுகிறான்.

காப்பியம் அந்தப் பெண்ணுக்குப் பெயர் தரவில்லை. ஏறக்குறைய எல்லா முழுப் படிகளிலும் இதைத் தொடர்ந்து எழுதப்பட்டுள்ள 'புலம்பல்' என்ற நூலில்தான் அவள் பெயர் டீட்லிண்ட் என்று வருகிறது. ரூடிகரின் குதிரையும் ஆயுதங்களும் பெஹலாரனுக்குத் திரும்பி வருகின்றன. உண்மையைச் சொல்ல வேண்டாம் என்று கட்டளை பெற்றுவந்த தூதுவர்களால் அழுகையை அடக்க முடியவில்லை. அந்த அழுகையிலிருந்தே தாயும் மகளும் அறிந்துகொள்கிறார்கள். தாய் கோட்டலிண்ட் துயரத்தால் இறந்துபோகிறாள். பிறகு அவ்வழியே வரும், எட்சலின் அவையில் அடைக்கலமாக இருந்த வெரோனா நாட்டு அரசன் டீட்ரிஷ், தனித்து நிற்கும் டீட்லிண்டுக்கு ஆறுதல் சொல்லி, தகுந்த ஒரு கணவனை நானே பார்த்துத் தருகிறேன் என்று வாக்களிக்கிறான்.